மிக்சரில் ஒரு சேனல் மட்டும் இரைகிறதா? சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

கல்யாண மண்டபம், சர்ச், கோயில் மேடை, சபா என்று எங்கே போனாலும் பல மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும், 12 முதல் 24 சேனல் உள்ள ஓர் அனலாக் மிக்சர் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு சேனல் இரையத் தொடங்கியதும் பெரும்பாலோர் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை எடுத்து நாப் இடுக்கிலெல்லாம் அடித்துவிடுகிறார்கள். சில நேரம் சரியாகும். பல நேரம் அடுத்த கச்சேரிக்குள் திரும்ப வரும். ஸ்ப்ரே தீர்க்கக்கூடிய பழுதுகள் சிலதான். மற்றவற்றில் அது பழுதைக் கொஞ்ச நாள் மறைக்கும், இல்லையென்றால் ஃபேடரை (மேலும் கீழும் தள்ளும் வால்யூம் கட்டையை) கெடுக்கும். சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று தெரியாமல் மூடியைக் கழற்ற வேண்டாம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க மிக்சரின் முகப்பில் உள்ள நாப்களே பெரும்பாலும் போதும்.

நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மைக், ஒரு கேபிள், ஹெட்ஃபோன், மல்டிமீட்டர் ஆகியவை கையில் இருக்கட்டும். கூடவே மூன்று பிளக்குகளைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதலாவது, 2ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் குறுக்கே 150 ஓம் ரெசிஸ்டர் பற்றவைத்த எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் மைக் பிளக்) ஆண் பிளக். அடுத்தது, டிப்பையும் (நுனி) ரிங்கையும் (நடு வளையம்) ஒன்றாக இணைத்த ஸ்டீரியோ பி-38 (கால் அங்குல) பிளக். கடைசியாக, கம்பியே இணைக்காத ஒரு மோனோ பி-38 பிளக். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு ஸ்ப்ரே டப்பாவின் விலையைவிடக் குறைவு.

முதலில் இடத்தைப் பிரித்தறியுங்கள்

ஒரு சேனலுக்குள் சிக்னல் போகும் வழி பெரும்பாலான மிக்சர்களில் ஒன்றுதான். மைக் ஜாக், ஃபேன்டம் ரெசிஸ்டர்கள் (மைக்குக்கு 48 வோல்ட் அனுப்புபவை), கப்ளிங் கெபாசிட்டர்கள் (டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விடுபவை), ப்ரீஆம்ப் (மைக்கின் சிறு சிக்னலைப் பெருக்குவது), லோ கட், இன்சர்ட் ஜாக் (வெளிக் கருவியை நடுவில் சேர்க்கும் ஜாக்), ஈக்யூ, ஃபேடர், ஃபேடருக்குப் பின்னால் ஒரு சிறு ஆம்ப், பேன் (ஒலியை இடம் வலம் நகர்த்துவது), அப்புறம் பஸ் (எல்லாச் சேனல்களும் சேரும் பொது வழி). ஈக்யூவும் இன்சர்ட்டும் சில மாடல்களில் இடம் மாறியிருக்கும். மேனுவலின் கடைசிப் பக்கத்து பிளாக் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர் ஆம்பை அணைத்துவிட்டு மெயின் அவுட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒரு சேனலை மட்டும் தனியாகக் கேட்க உதவும் பிஎஃப்எல் பட்டனை அழுத்த வேண்டாம். அது ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுப்பதால் கீழே சொல்லும் சோதனைகளில் ஏமாற்றிவிடும்.

மைக்கைக் கழற்றி அந்த இடத்தில் 150 ஓம் பிளக்கைச் செருகுங்கள். சத்தம் போய்விட்டால் பழுது மிக்சரில் இல்லை. மைக், கேபிள், ஸ்டேஜ் பாக்ஸ் என்று வெளியே தேடுங்கள். ஜாக்கைக் காலியாக விட்டுச் சோதித்தால் தீர்ப்பு தவறாகும். திறந்து கிடக்கும் இன்புட்டில் நல்ல சேனலும் கூடுதலாகத்தான் இரையும்.

பிளக் இருந்தும் சத்தம் தொடர்ந்தால் கெயின் நாப்பைத் திருப்புங்கள். சத்தமும் கூடிக் குறைந்தால் அது ப்ரீஆம்பிலோ அதற்கு முன்னாலோ பிறக்கிறது. கெயினுக்கு அசையாமல் ஃபேடருக்கு மட்டும் அசைந்தால் இரண்டுக்கும் நடுவே. ஃபேடரை முழுக்க இறக்கிய பிறகும் இருந்தால் பேனை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். சத்தமும் கூடவே நகர்ந்தால் ஃபேடருக்குப் பின்னால் உள்ள ஆம்ப்தான். அதுவும் இல்லை, சேனலை மியூட் செய்தாலும் கேட்கிறது என்றால் அந்தச் சேனலை விட்டுவிட்டு பஸ், மாஸ்டர், பவர் சப்ளை பக்கம் போங்கள்.

இன்சர்ட் ஜாக் இருந்தால் வேலை இன்னும் எளிது. அதில் கம்பியில்லாத மோனோ பிளக்கை முழுக்கச் செருகுங்கள். டிப் செண்ட், ரிங் ரிட்டர்ன் என்ற வழக்கமான அமைப்பில் அந்த பிளக் ரிட்டர்னைத் தரையோடு சேர்த்துவிடும். சத்தம் நின்றால் பழுது ஜாக்குக்கு முன்பாதியில், நிற்காவிட்டால் பின்பாதியில். மூடியைத் திறக்காமலேயே சேனலை இரண்டாக வெட்டிவிட்டோம்.

நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் ஆராய்ச்சி வேண்டாம். மைக்கை வேறு சேனலுக்கு மாற்றுங்கள். பழுதான சேனலில் கெயினைக் குறைத்து, மியூட் செய்து, மெயின் மிக்சுக்கும் குரூப்புக்கும் அனுப்பும் பட்டன்களை எடுத்துவிட்டு, மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். ஃபேடரை இறக்கி வைத்தால் மட்டும் போதாது.

"உஸ்" என்ற தொடர் இரைச்சல்

இதில் பாதிக்கு மேல் பழுதே இல்லை, செட்டிங்தான். கெயினைக் குறைவாக வைத்துவிட்டு ஃபேடரையும் மாஸ்டரையும் உச்சத்துக்கு ஏற்றினால் எந்த மிக்சரும் இரையும். ஃபேடரை 0 குறியில் வைத்து, பேசுபவர் உரக்கப் பேசும்போது மீட்டர் சிவப்பைத் தொடாத அளவுக்குக் கெயினை ஏற்றுங்கள். மைக்கை வாயிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடிப்பவரை அரை அடிக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 6 டெசிபல் லாபம். எந்த விலையுயர்ந்த ஐசியும் அந்த லாபத்தைத் தராது.

ஏன் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஐசியை மாத்தினா சத்தம் போயிடும்" என்ற நம்பிக்கையில் நிறையப் பேர் நல்ல போர்டுகளைச் சுட்டுக் கெடுக்கிறார்கள். 150 ஓம் ரெசிஸ்டருக்கே இயற்கையான வெப்ப இரைச்சல் உண்டு. 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அது சுமார் மைனஸ் 131 டிபியூ (சிக்னலின் அளவைச் சொல்லும் டெசிபல் அலகு; மைனஸ் எண் பெரிதாக ஆக இரைச்சல் குறைவு). சுமாரான மிக்சரின் ப்ரீஆம்பே மைனஸ் 127, 128 அளவில் இருக்கிறது. இடையில் மீதி இருப்பது மூன்று நான்கு டெசிபல்தான். ஆகவே எல்லாச் சேனலும் ஒரே மாதிரி இரைந்தால் அது அந்த மிக்சரின் இயல்பு. அதை விட்டுவிடுங்கள்.

ஒரே செட்டிங்கில், 150 ஓம் பிளக்குடன், பக்கத்துச் சேனலைவிட ஒரு சேனல் தெளிவாகக் கூடுதலாக இரைந்தால் மட்டுமே அது பழுது. சத்தம் கெயினோடு சேர்ந்து ஏறினால் முதல் சந்தேகம் இன்புட் டிரான்சிஸ்டர் ஜோடியின் மேல். அது கெடுவதற்கு நமக்குத் தெரிந்த ஒரு காரணம் உண்டு: ஃபேன்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்குவதும் செருகுவதும். பிளக் உள்ளே போகும் கணத்தில் 2ஆம் பின்னோ 3ஆம் பின்னோ தரையைத் தொட்டுவிட்டால், 48 வோல்ட்டில் நிறைந்திருக்கும் கப்ளிங் கெபாசிட்டர் அந்த மின்னூட்டத்தை டிரான்சிஸ்டருக்குள் கொட்டிவிடும். டிரான்சிஸ்டர் உடனே சாகாது. வேலை செய்துகொண்டே நிரந்தரமாக இரையத் தொடங்கும். பாதுகாப்பு டயோடுகள் சரியாக இல்லாத மலிவு மிக்சர்களில் இந்த ஆபத்து அதிகம். ஃபேன்டத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துக் கழற்றுங்கள் என்று மேடையில் வேலை செய்யும் தம்பிகளிடம் அலுக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரைச்சலோடு பாஸும் மெலிந்திருந்தால் கப்ளிங் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. இந்த இடத்தில் 47 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் என்பது அடிக்கடி காணும் மதிப்பு. மாற்றும்போது 105 டிகிரி வகையை வாங்குங்கள். ஜோடியில் ஒன்று கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள்.

"உஸ்"ஸுக்கு நடுவே ஒழுங்கில்லாமல் பொரி பொரிவது போன்ற சத்தம் வந்தால் அது செமிகண்டக்டருக்குள் இருக்கும் குறை. சுத்தம் செய்து சரியாகாது. ஃப்ரீஸ் ஸ்ப்ரேயை ஒவ்வொரு ஐசி மேலும் சிறிது அடித்து, எதில் சத்தம் மாறுகிறதோ அதை மாற்றுங்கள்.

நாப்பைத் திருப்பினால், ஃபேடரை நகர்த்தினால் கரகர

எல்லோரும் ஸ்ப்ரே அடிக்கும் இடம் இதுதான். ஆனால் கரகரப்பு இரண்டு வகை. ஒன்று அழுக்கு. இன்னொன்று, டிசி வரக்கூடாத இடத்தில் டிசி.

அழுக்கால் வருவது நாப்பின் சில இடங்களில் மட்டும் கேட்கும், பத்து இருபது முறை முழுக்கத் திருப்பினால் குறையும். டிசியால் வருவது இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீராகக் கேட்கும், எத்தனை முறை திருப்பினாலும் குறையாது. புதுப் பாட் (நாப்பின் அடியில் உள்ள திருப்பும் ரெசிஸ்டர்) போட்டாலும் மறுநாள் அப்படியே இருக்கும். உறுதி செய்ய, மிக்சரை ஆன் செய்து, சிக்னல் எதுவும் இல்லாமல், பாட்டின் மூன்று கால்களிலும் தரையை ஒப்பிட்டு டிசி அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. அதைத் தாண்டி நூறு மில்லிவோல்ட், அரை வோல்ட் என்று காட்டினால் அந்தப் பாட்டுக்கு முன்னால் உள்ள கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது, அல்லது அதற்கு முந்தைய ஐசியின் அவுட்புட்டில் டிசி நிற்கிறது. அங்கே ஸ்ப்ரேக்கு வேலையே இல்லை.

கெயின் நாப் மட்டும் இதற்கு விதிவிலக்கு. பல டிசைன்களில் அது ப்ரீஆம்பின் நடுவிலேயே உட்கார்ந்திருப்பதால், வேகமாகத் திருப்பும்போது லேசான கரகரப்பு நல்ல மிக்சரிலும் வரும்.

அழுக்குதான் என்று தெளிவானால் சுத்தம் செய்யலாம். மிக்சரை அணைத்து, பாட்டின் உடலில் உள்ள இடுக்கு வழியாக ஒரு சிறு பீச்சு, முனையிலிருந்து முனை வரை முப்பது நாற்பது முறை திருப்பல், அப்புறம் காயும் வரை காத்திருத்தல். முகப்பிலிருந்து நாப் இடுக்கில் அடித்தால் திரவம் ஷாஃப்ட்டின் கிரீஸைத்தான் கரைக்கும், உள்ளே கார்பன் தடம் வரை போகாது. ஃபேடருக்கு அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே தனி. அதில் சுத்தம் செய்யும் திரவத்தோடு மசகும் இருக்கும். துரு நீக்க விற்கும் சாதாரண டபிள்யூடி-40ஐ ஃபேடரில் அடிக்காதீர்கள். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு போகும். பின்னால் அந்தப் பிசுக்கு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோயில் மேடையில் வேலை செய்த மிக்சர் என்றால் கற்பூரப் புகையும் சாம்பிராணியும் படிந்து உள்ளே ஒரு கறுப்புப் படலமே இருக்கும். அங்கே ஸ்ப்ரேயை நம்பாமல் ஃபேடரைக் கழற்றிப் பிரித்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் மெதுவாகத் துடைத்து, திரும்ப ஃபேடர் கிரீஸ் வையுங்கள்.

தடமே தேய்ந்துபோயிருந்தால் மாற்றுவதுதான் வழி. நீளம் 60 மில்லிமீட்டரா 100 மில்லிமீட்டரா, எத்தனை கிலோ ஓம், லீனியரா லாகா (லாகரிதமிக்) என்று மூன்றையும் பார்த்து வாங்குங்கள். மேலே உள்ள எழுத்துக் குறியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நடுவில் வைத்து அளந்தால் லீனியர் சரிபாதி காட்டும், லாக் அதைவிட மிகக் குறைவாகக் காட்டும்.

"ம்ம்" என்ற ரீங்காரம், "கொர்ர்" என்ற உறுமல்

இரண்டையும் காதால் பிரிக்கப் பழகுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மெல்லிய, உருண்ட "ம்ம்" கேட்டால் 50 ஹெர்ட்ஸ், அதாவது மெயின்ஸோ டிரான்ஸ்ஃபார்மரோ நேரடியாகத் தூண்டுகிறது. முரட்டுத்தனமான "கொர்ர்" என்றால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். அது ரெக்டிஃபையர் பக்கத்திலிருந்தோ லைட் டிம்மரிலிருந்தோ வருவது.

ஒரு சேனலில் மட்டும் ரீங்காரம் இருந்து, மைக்கின் உடலைத் தொட்டால் சத்தம் மாறினால், கேபிளின் ஷீல்டு (உள்கம்பிகளைச் சுற்றியுள்ள வலைக் கம்பி) அறுந்திருக்கிறது. 1ஆம் பின்னின் பற்றைத் திறந்து பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் கேபிளிலும் பிளக்குக்குள் கம்பி விட்டிருக்கும்.

கீபோர்டோ லேப்டாப்போ சொருகிய சேனலில் மட்டும் வந்தால் எர்த் லூப், அதாவது இரண்டு எர்த் வழிகள் சேர்ந்து உண்டாக்கும் வளையம். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் சந்தேகமே வேண்டாம். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸை (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே போடும் பெட்டி) போட்டு, கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் காலை உடைத்துவிடுவதை மேடைக்கு மேடை பார்க்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் நேராக மைக்கின் உடலுக்கு வரும், அதைப் பிடித்துக்கொண்டு பாடுபவர் ஈரத் தரையில் நின்றிருப்பார்.

டிம்மரைத் திருப்பும்போது சத்தத்தின் தன்மையும் மாறினால், மைக் கேபிளும் லைட் கேபிளும் சேர்ந்து ஓடுகின்றனவா என்று பாருங்கள். பிரிக்க முடியாவிட்டால் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கட்டும். லைட்டுக்கும் சவுண்டுக்கும் வேறு வேறு ஃபேஸ் கிடைத்தால் நல்லது. மிக்சரை பவர் ஆம்ப் ரேக்கின் மேலேயே வைத்திருந்தால் ஒரு மீட்டர் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

எல்லா கேபிளும் நன்றாக இருந்தும், எதைச் சொருகினாலும் ரீங்காரம் வருகிற மிக்சர்கள் சில உண்டு. அதன் காரணத்தை ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995இல் ஆடியோ பொறியாளர் சங்கத்தின் இதழில் விரிவாக எழுதினார். ஜாக்கின் 1ஆம் பின், உலோகப் பெட்டியோடு நேரே சேராமல், போர்டில் உள்ள சிக்னல் தரை வழியாகச் சுற்றிப் போகிறது. ஷீல்டில் ஓடும் மெயின்ஸ் கரண்ட் அப்படியே சிக்னலுக்குள் நுழைந்துவிடுகிறது. 1ஆம் பின் பிரச்சினை என்ற பெயர் அப்போது நிலைத்தது. 2005இல் அதே சங்கம் கொண்டுவந்த ஏஇஎஸ்48 தரம் அதைத் தவிர்ப்பதற்கானதே. சோதிக்க எளிய வழி உண்டு. 12 வோல்ட் ஏசி தரும் சிறு டிரான்ஸ்ஃபார்மரின் அவுட்புட்டை, 150 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக 1ஆம் பின்னுக்கும் மிக்சரின் உலோகப் பெட்டிக்கும் நடுவே கொடுங்கள். ஏறத்தாழ 80 மில்லிஆம்பியர் ஓடும். ஒழுங்காகக் கட்டிய மிக்சரில் ஒன்றும் கேட்காது. ரீங்காரம் எழுந்தால், அந்த ஜாக்கின் 1ஆம் பின்னிலிருந்து பெட்டிக்குக் கனமான, குட்டையான ஒரு வயரைப் பற்றவையுங்கள்.

சத்தம் வருகிறது, போகிறது

சேனல் திடீரென மெலிகிறது, கரகரக்கிறது, ஓர் உரத்த சத்தம் வந்ததும் தானே திரும்புகிறது. இந்த அறிகுறிக்கு முதலில் இன்சர்ட் ஜாக்கைச் சந்தேகியுங்கள். எதுவும் சொருகாதபோது சிக்னல் அந்த ஜாக்குக்குள் இருக்கும் சின்னத் தகட்டுத் தொடுப்பு வழியாகத்தான் போகிறது. வருஷக்கணக்காக யாரும் எதையும் சொருகாததால் அது கறுத்துப்போகும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அதை இன்னும் சீக்கிரம் செய்துவிடும். டிப்பும் ரிங்கும் சேர்த்த பிளக்கை அதில் செருகுங்கள். சேனல் உயிர்பெற்றால் பழுது அங்கேதான். பிளக்கில் காண்டாக்ட் கிளீனரைத் தடவி இருபது முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்ப்ரே முழு மதிப்பு பெறும் இடம் இது.

சரியாகவில்லை என்றால் மூடியைத் திறந்து, மிக்சர் ஓடிக்கொண்டிருக்க, ஐஸ்கிரீம் குச்சியால் போர்டை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். பவர் சப்ளை பகுதிக்குப் பக்கத்தில் கை போகக் கூடாது. ஜாக்குகளின் கால்களில் ட்ரை சால்டர் (பிடிப்பு விட்ட பற்று) அதிகம், ஏனென்றால் கேபிளின் இழுப்பையெல்லாம் தாங்குவது அந்தப் பற்றுகள்தான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். பல போர்டுகளை இணைக்கும் ரிப்பன் கேபிள்களையும், மிக்சரை அணைத்துவிட்டு, ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

ஃபேன்டம் போட்டால் மட்டும் சடசட

டைனமிக் மைக்கில் அமைதியாக இருக்கும் சேனல், 48 வோல்ட் கொடுத்ததும் சடசடக்கிறது. முதலில் கேபிளை மாற்றுங்கள். மழையில் நனைந்த எக்ஸ்எல்ஆர் பிளக்கில் பின்களுக்கு நடுவே ஈரம் இருந்தால் 48 வோல்ட் அதன் வழியே கசிந்து இந்தச் சத்தத்தைத் தரும். பிரித்துக் காயவைத்தால் போதும்.

கேபிள் குற்றமற்றது என்றால் ஃபேன்டம் ரெசிஸ்டர்கள். ஒவ்வொரு சேனலிலும் 6.8 கிலோ ஓம் அளவில் இரண்டு, 2ஆம் பின்னுக்கு ஒன்று, 3ஆம் பின்னுக்கு ஒன்று. மீட்டரை வெறுமனே வைத்தால் இரண்டிலும் 48 காட்டும். மீட்டர் கரண்ட் இழுக்காததால் ரெசிஸ்டர் கெட்டிருந்தாலும் தெரியாது. 1க்கும் 2க்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அதன் குறுக்கே அளந்து பாருங்கள், பிறகு 1க்கும் 3க்கும் நடுவே. இரண்டிலும் 28.5 வோல்ட் அளவில், கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் ரெசிஸ்டரோ கசியும் கெபாசிட்டரோ. ரெசிஸ்டரை மாற்றினால் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வாங்கி, மீட்டரில் அளந்து ஜோடி சேர்த்துப் போடுங்கள்.

செல்போன், ரேடியோ

"டட்டட் டட்டட்" என்று தாளம் போட்டால் பக்கத்தில் 2ஜி சிக்னலில் ஒரு போன். நொடிக்கு 217 முறை விட்டு விட்டு ஒலிபரப்பும் அதன் துடிப்புதான் கேட்கிறது. போனை மிக்சரின் மேலிருந்து எடுங்கள். ஒரே சேனலில் ரேடியோ நிலையம் கேட்டால் ஷீல்டையும் 1ஆம் பின்னையும் மறுபடி பாருங்கள்.

எல்லாச் சேனலிலும் ஒன்றாக வந்தால்

பவர் சப்ளை. ஐசிகளுக்குப் போகும் பிளஸ், மைனஸ் வோல்டேஜை அளந்து பாருங்கள். மாடலைப் பொறுத்து 15 அல்லது 17 இருக்கும், இரண்டும் சமமாக இருக்க வேண்டும். மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே இடத்தில் பார்த்தால் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் ஃபில்டர் கெபாசிட்டர்கள் காய்ந்துவிட்டன. சூடான ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதலில் போகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. பகலில் அமைதியாக இருந்து சாயங்காலம் மட்டும் "கொர்ர்" என்றால் லைன் வோல்டேஜையும் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் ரெகுலேட்டருக்குத் தேவையான உபரி வோல்டேஜ் கிடைக்காமல் 100 ஹெர்ட்ஸ் அப்படியே வெளியே வரும். ஒரு ஸ்டெபிலைசர் போட்டால் தீர்ந்தது.

உள்ளே இருப்பது எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகைப் பவர் சப்ளை) என்றால் எச்சரிக்கை. அதன் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அளந்து பார்க்காமல் தொடாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பகுதியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

மாற்றிய பிறகு

பழுது பார்த்த சேனலிலும் பக்கத்துச் சேனலிலும் 150 ஓம் பிளக்கைப் போட்டு, ஒரே கெயினில் ஹெட்ஃபோனில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் மூடியைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து, சூடானதும் திரும்பும் பழுதுகள் உண்டு. அப்புறம் எந்தச் சேனலில், எந்தப் பாகத்தை, எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை திறப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம்.